ஆன்லைனில் சிக்கல்வழிக் கற்றல்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் அறிவியல் ஆசிரியர். சென்னைப் புறநகரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வேறு வழியில்லாமல் இதைத் தொடங்கினேன். பள்ளி திறந்த பிறகும் விட மனம் வரவில்லை. இன்றும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று சுற்றுகள் நடக்கின்றன. சக ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சிக்கல்வழிக் கற்றல் என்றால் என்ன? புராஜெக்ட் கொடுப்பதைத்தான் இப்படிச் சொல்கிறீர்களா?

இரண்டும் வேறு. வழக்கமாக நாம் பாடத்தை முதலில் நடத்துகிறோம், கணக்கை அப்புறம் கொடுக்கிறோம். இங்கே கணக்கு முதலில் வருகிறது. அதைத் தீர்க்கத் தேவையான பாடம் இன்னும் நடத்தப்பட்டிருக்காது. இதில் நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, தெரியாததை எங்கே தேடுவது என்று பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். அந்தத் தேவை வந்த பிறகு பாடம் உள்ளே நுழைகிறது.

புராஜெக்ட் முறை இதைவிடப் பழையது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையை பி.எட். படித்தவர்கள் எல்லோரும் தேர்வுக்காகவாவது தொட்டிருப்போம். அதில் முடிவில் ஒரு பொருளோ செயலோ கையில் இருக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு வந்த அந்த முறை நம் பள்ளிகளில் தெர்மாகோல் வீடாகவும், அப்பா இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து ஒட்டிய சார்ட்டாகவும் முடிந்துவிட்டது. சிக்கல்வழிக் கற்றலில் பொருள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பிள்ளை எப்படி யோசித்தது என்பதுதான் கணக்கில் வரும்.

இது எங்கிருந்து வந்தது?

மருத்துவக் கல்லூரியிலிருந்து. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் மருத்துவப் படிப்பை இந்த முறையில் தொடங்கியது. அங்கே இதை வளர்த்தவர்களில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் முக்கியமானவர். புத்தகத்தைக் கரைத்துக் குடித்த மாணவர்கள் நோயாளியின் கட்டிலருகே நின்றதும் திணறுவதைப் பார்த்து, நோயாளியின் கதையையே முதல் பாடமாக வைத்தார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் இதையே ஏழு படிகளாக வகுத்தது. பள்ளி அளவில் 1990-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் கணித அறிவியல் அகாடமி இதை எடுத்துச் செய்தது.

எப்படிப்பட்ட சிக்கலைக் கொடுப்பது?

எல்லாம் இதில்தான் இருக்கிறது. நான் பட்ட அடியும் இதில்தான்.

ஊரடங்கின் முதல் மாதத்தில் நான் கொடுத்த தலைப்பு, ‘பிளாஸ்டிக் மாசைக் குறைப்பது எப்படி?’. பத்து நாள் அவகாசம் கொடுத்தேன். நாற்பத்தொரு பேர் அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகங்கள், கடைசிப் பத்தியில் தவறாமல் ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’. பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தவறு என்னுடையது என்று புரிந்தது. கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தால் கட்டுரைதான் வரும். அதில் இடம் இல்லை, ஆள் இல்லை, அளவு இல்லை. எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே பிள்ளைகளுக்கு இல்லை.

அடுத்த முறை இப்படிக் கொடுத்தேன்: ‘2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து அதே சென்னைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால், லாரியையே நம்பாமல் நம் பள்ளி எத்தனை நாள் தாங்கும்?’

இதை எந்த இணையதளத்திலும் தேடி எடுக்க முடியாது. பள்ளிக் கூரையை யாராவது அளந்தாக வேண்டும். அளந்தார்கள், வாட்ச்மேன் அண்ணன் வீடியோ காலில் நாடாவைப் பிடித்துக்காட்ட, சுமார் 1,000 சதுர மீட்டர் வந்தது. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். வீணாவது போக நூற்றுக்கு எண்பது கிடைக்கும் என்று வைத்தால் 11 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 600 பேர், ஆளுக்குப் பத்து லிட்டர், 200 வேலை நாள் என்று பிள்ளைகள் போட்ட தேவைக் கணக்கு 12 லட்சம் லிட்டர். கிட்டத்தட்டச் சரியாகிவிட்டதே என்று அன்று எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் ஒரு பையன் கேட்டான்: “சார், நம்ம சம்ப் எவ்வளவு பிடிக்கும்?” 20,000 லிட்டர். 25 மி.மீ. மழை ஒரே ஒரு தடவை கொட்டினால் நிரம்பிவிடும். வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, தேவையோ ஜூனில். மழை போதுமா என்று தொடங்கிய கேள்வி, அதை எங்கே வைப்பது என்று மாறியது. நிலத்துக்கடியில் வைக்கலாமா, மண் எப்படிப்பட்டது, கிணறு எவ்வளவு ஆழம் என்று போனபோது நிலத்தடி நீர்ப் பாடம் தானாக வந்து நின்றது. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, நம் கட்டிடத்தில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று தேடப் போனார்கள். அது பாதியில் உடைந்து காம்பவுண்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது.

சிக்கல் இப்படி நடுவில் முகம் மாற வேண்டும். அப்படி மாறாத சிக்கலை நான் இப்போது கொடுப்பதில்லை.

ஒரு சுற்று எப்படி நடக்கும்?

மூன்று வாரம் வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் சிக்கலைக் கொடுப்பேன். அன்று யாரும் யாரோடும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் தனியாக இருபது நிமிடம் யோசித்து, தோன்றியதையெல்லாம் கூகுள் ஃபார்மில் எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த நாள் எல்லாவற்றையும் பெயரில்லாமல் ஒரே ஷீட்டில் போட்டு எல்லோருக்கும் அனுப்புவேன். பிறகு ஐந்து பேர் கொண்ட குழுக்கள். குழு முதலில் செய்ய வேண்டியது ‘தெரிந்தது, தெரியாதது’ என்ற இரண்டு கட்டப் பட்டியல். அதிலிருந்து ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தேடுவார்கள். இரண்டாம் வாரத்தில் தேடியதைக் கொண்டுவந்து முதலில் எழுதியவற்றைத் திருத்துவார்கள். மூன்றாம் வாரம் வேறொரு குழு அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும்.

மாஸ்ட்ரிக்ட்டின் ஏழு படிகளும் ஏறக்குறைய இதுதான். ஓட்டை கண்டுபிடிக்கும் வாரம் மட்டும் நான் சேர்த்தது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வாரமும் அதுதான்.

நேரில் உட்கார வைத்தே செய்யலாமே? ஆன்லைன் எதற்கு?

நேரில் செய்ய முடிவதை நேரில் செய்யுங்கள். கூரையை அளப்பது, கிணற்றைப் பார்ப்பது, கடைக்காரரிடம் பேசுவது எல்லாம் நேரில்தான். ஆனால் யோசனைகள் பிறக்கும் முதல் கட்டத்துக்கு ஆன்லைன் நேரைவிட மேல் என்பது என் அனுபவம். அதற்கு ஆய்வும் துணை நிற்கிறது.

கூட்டமாக உட்கார்ந்து மனதில் பட்டதைச் சொன்னால் யோசனை பெருகும் என்று விளம்பரத் துறையிலிருந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1950-களில் பிரபலப்படுத்தினார். பிரெய்ன்ஸ்டார்மிங் என்ற சொல் அப்படித்தான் பரவியது. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்கவிட்டு எழுதியதைச் சேர்த்தபோது யோசனைகள் ஏறக்குறைய இரு மடங்கு வந்தன. ஏன் என்பதற்கு 1987-ல் டீலும் ஸ்ட்ரோபேயும் செய்த ஆய்வு விடை சொன்னது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை மறந்துபோகும், அல்லது சொல்லத் தேவையில்லை என்று தோன்றிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கணினியில் தட்டெழுதினால் காத்திருப்பே இல்லை. 1990-களில் அப்படிச் செய்து பார்த்தபோது, குழு பெரிதானால் யோசனை குறையும் என்ற பழைய குறையும் தீர்ந்தது.

நம் வகுப்பறையில் காத்திருப்பு மட்டுமா? ஐம்பது பேரில் ஆறு பேர்தான் கை தூக்குவார்கள். சொல்லி, தப்பானால், பின் பெஞ்ச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அதே தண்ணீர்ச் சிக்கலில் பெயரில்லாத ஷீட்டில் ஒரு வரி வந்திருந்தது: ‘பொண்ணுங்க நிறைய பேர் காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. பாத்ரூம்ல தண்ணி இருக்காதுன்னு தெரியும்.’ அதைப் படித்துவிட்டு வெகுநேரம் நான் எதுவும் செய்யவில்லை. ஆளுக்குப் பத்து லிட்டர் என்று நாங்கள் போட்ட கணக்கில் அந்தத் தாகம் இல்லவே இல்லை. பதினேழு வருஷமாக அதே பள்ளியில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாது. பையன்களும் ஆண் ஆசிரியரும் இருக்கும் வகுப்பில் எந்தப் பெண்பிள்ளை எழுந்து நின்று அதைச் சொல்லும்? அந்த ஒரு வரியால் மூன்று குழுக்கள் தங்கள் திட்டத்தைத் தலைகீழாக மாற்றின. கை கழுவிய தண்ணீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பும் யோசனை அதிலிருந்துதான் வந்தது. எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த ஷீட்டில் அப்படி ஒரு வரி வராது.

பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள் என்றால் ஆசிரியருக்கு என்ன வேலை?

வழக்கத்தைவிட அதிக வேலை. ‘வழிகாட்டல் இல்லாமல் விட்டால் புதிதாகக் கற்பவர்கள் திணறித்தான் போவார்கள்’ என்று கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் கடுமையாக எழுதினார்கள். அதற்கு மறுப்பாக அடுத்த வருஷமே ஹ்மெலோ-சில்வரும் சகாக்களும், ‘நல்ல சிக்கல்வழிக் கற்றலில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது’ என்று பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் வாசித்த பிறகு எனக்குத் தோன்றுவது: இரு தரப்பும் வேண்டாம் என்பது ஒன்றைத்தான், பிள்ளையை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போகும் ஆசிரியரை.

ஆன்லைனில் அப்படி விட்டுப்போவது மிக எளிது. லிங்க்கை அனுப்பிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. நான் ஒவ்வொரு குழுவின் டாக்குமெண்ட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்து ஒரு கேள்வி மட்டும் எழுதிவிட்டு வருவேன். விடை எழுத மாட்டேன். ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’, ‘இது மே மாதத்திலும் நடக்குமா?’, ‘இதற்குப் பணம் யார் கொடுப்பார்கள்?’ என்று அவ்வளவுதான். எட்டுக் குழு என்றால் ஒரு நாளுக்கு முக்கால் மணி நேரம் போகும். அந்த நேரம் இல்லாதவர்கள் குழுக்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், கேள்வியைக் குறைக்காதீர்கள்.

மாதிரிக்கு ஒரு நல்ல விடையைக் காட்டினால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்குமே?

தொடக்கத்தில் காட்ட வேண்டாம். 1991-ல் ஜான்சனும் ஸ்மித்தும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு வடிவமைப்பு வேலையைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். படம் பார்த்தவர்கள் அந்த மாதிரியின் குறைகளையும் சேர்த்தே வரைந்தார்கள். முதல் கட்டம் முடிந்த பிறகு, வெளியூரில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று காட்டலாம். அப்போது பிள்ளைகள் அதைத் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

படைப்பாற்றலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? எல்லாம் ஆசிரியர் விருப்பம்தானா?

அப்படி விட வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் டாரன்ஸ் 1966-ல் வெளியிட்ட படைப்பாற்றல் தேர்வு நான்கு அளவுகளைப் பார்த்தது: எத்தனை யோசனை, எத்தனை வகை, எவ்வளவு அபூர்வம், எவ்வளவு விரிவு. முதலாவதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். இரண்டாவதுக்கு ஒரு எடுத்துக்காட்டு: பெரிய டேங்க், இன்னும் பெரிய டேங்க், சின்தெக்ஸ் டேங்க் என்று மூன்று எழுதினால் எண்ணிக்கை மூன்று, வகை ஒன்றுதான். அபூர்வத்தைப் பார்க்க, வகுப்பில் வேறு எத்தனை பேர் அதையே எழுதினார்கள் என்று ஷீட்டில் தேடுங்கள். நூறு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் தோன்றியது நிச்சயம் கவனத்துக்குரியது.

ஆனால் அபூர்வம் மட்டும் போதாது. நிலாவிலிருந்து தண்ணீர் கொண்டுவரலாம் என்பதும் அபூர்வம்தான். அதனால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: இந்தப் பள்ளியில், இந்தக் காசில், நடக்குமா? இதை நான் மதிப்பிடுவதில்லை, ஓட்டை கண்டுபிடிக்கும் எதிர்க்குழு மதிப்பிடும். முதல் வாரத்தில் எழுதியதற்கும் மூன்றாம் வாரத்தில் எழுதியதற்கும் உள்ள தூரத்தையும் பார்க்கிறேன். அதிகம் நகர்ந்த பிள்ளைக்கு அதிக மதிப்பெண், தொடங்கிய இடம் எதுவாக இருந்தாலும்.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. என்ன செய்வது?

அதனால்தான் நான் எதையும் நேரலையாக வைப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு அப்பா வந்த பிறகு பத்து நிமிடம் போன் கிடைத்தாலும் கலந்துகொள்ள முடிய வேண்டும். யோசிப்பதும் கணக்குப் போடுவதும் நோட்டில் நடக்கட்டும். பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், குழுவில் ஒருவர் அதை டாக்குமெண்ட்டில் ஏற்றிவிடுவார். எழுதத் தயங்கும் பிள்ளைகள் வாய்ஸ் நோட் அனுப்பலாம். கேமராவை ஆன் செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பின்னால் தெரியும் வீட்டை மறைக்கப் படும் பாட்டில் அந்தப் பிள்ளைக்கு யோசனை எப்படி வரும்?

போனே இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியின் ஹைடெக் லேபில் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கித் தரத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

எந்த ஆப் நல்லது?

பிள்ளைகள் ஏற்கெனவே பயன்படுத்துவது எதுவோ அது. நான் ஜாம்போர்டு என்ற கூகுளின் ஆன்லைன் கரும்பலகையில் பழக்கிவைத்திருந்தேன், 2024 இறுதியோடு கூகுள் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஃபார்ம், ஷீட், டாக்ஸ், வாட்ஸ்அப். வேறெதுவும் தேவைப்படவில்லை.

சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிவிட மாட்டார்களா?

எழுதுவார்கள். தடுக்க முடியும் என்று எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2024-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏஐ கொடுத்த யோசனையோடு சிறுகதை எழுதியவர்களின் கதைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் மேம்பட்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. இதை என் வகுப்பிலும் காண்கிறேன். அபூர்வத்துக்கு மதிப்பெண் என்றால், பத்துப் பேருக்கு ஒரே மாதிரி வந்த ஏஐ விடைக்கு அங்கேயே மதிப்புக் குறைந்துவிடுகிறது. இதை ஷீட்டில் காட்டிவிட்டால் பிள்ளைகளே புரிந்துகொள்கிறார்கள்.

முதல் இருபது நிமிடத்துக்கு மட்டும் ஏஐ கூடாது. அதற்குப் பிறகு அதை எதிர்க்குழுவாக உட்கார வைக்கலாம்: ‘எங்கள் திட்டத்தில் என்ன ஓட்டை, சொல்’ என்று கேட்கட்டும். அது சொன்னது சரியா என்று அளந்து பார்க்கட்டும். எங்கள் கூரையின் நீள அகலம் அதற்குத் தெரியாது.

குழுவில் ஒருவரே எல்லா வேலையும் செய்கிறாரே?

டாக்குமெண்ட்டின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார் எப்போது என்ன எழுதினார் என்று தெரியும். போன் இல்லாத பிள்ளைக்கு அது நியாயமாக இருக்காது என்பதால் நோட்டுப் பக்கத்தையும் பார்க்கிறேன். பொதுவாக ஒதுங்கி இருப்பவரிடம் தனியாகப் பேசினால் காரணம் சோம்பலாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் அவர் எழுதியதை அழித்துவிட்டு மேலே எழுதியிருப்பார்.

இதனால் பொதுத்தேர்வு மதிப்பெண் குறையாதா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் மிக நியாயமானது இது. உண்மையைச் சொல்ல வேண்டும். டாக்கியும் சகாக்களும் 2003-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றதைப் பயன்படுத்தும் திறனில் சிக்கல்வழியில் படித்தவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். மனப்பாட அறிவைச் சோதித்தால் சற்றே பின்னே. ஆனால் படித்தது அவர்களுக்கு அதிக நாள் நினைவில் நின்றது. அவற்றில் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களைப் பற்றியவை. ஆகவே முழுப் பாடத்திட்டத்தையும் இப்படி நடத்தச் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று சுற்று, மற்ற நாள் வழக்கமான வகுப்பு.

படைப்பாற்றலும் பாட அறிவும் எதிரிகள் என்ற எண்ணமும் வேண்டாம். பல நாட்டுப் பிள்ளைகளை ஒப்பிடும் பீசா (PISA) என்ற சர்வதேசத் தேர்வில் 2022-ல் பதினைந்து வயதினரின் ஆக்கச் சிந்தனையை முதன்முறையாக அளந்தார்கள். சிங்கப்பூர் 60-க்கு 41 பெற்று முதலிடம் பிடித்தது, அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி (OECD) அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 33. அதே சிங்கப்பூர்தான் அந்த ஆண்டு கணிதத்திலும் முதலிடம். நம் நாடு அந்தச் சுற்றில் கலந்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பீசா எழுதியது 2009 சுற்றின் தொடர்ச்சியில் மட்டும்தான், இமாச்சலப் பிரதேசத்தோடு. அப்போது கடைசி வரிசையில் நின்றோம்.

ஆங்கில வழி மாணவர்கள் தமிழில் எழுதலாமா?

எழுதட்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதட்டும். யோசிக்கும்போது இலக்கணம் பார்க்க வைத்தால் யோசனை நின்றுபோகும். பாத்ரூம் தண்ணீரைப் பற்றிய அந்த வரி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் வந்திருக்காது. மூன்றாம் வாரம் திட்டத்தை எழுதும்போது மொழியைத் திருத்திக்கொள்ளலாம்.

என் மகன் எதுவும் எழுதாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதற்கா போன் வாங்கிக் கொடுத்தோம்?

முதல் இருபது நிமிடம் அப்படித்தான் இருக்கும், அம்மா. முதலில் வரும் நான்கைந்து யோசனைகள் எல்லோருக்கும் வருபவை. அவை தீர்ந்த பிறகு ஒரு வெற்றிடம் வரும். புதிதாக எதுவும் வந்தால் அதற்குப் பிறகுதான் வரும். பக்கத்தில் நின்று ‘எழுதுடா’ என்று சொல்லாமல், விடையையும் சொல்லிக்கொடுக்காமல் இருங்கள். அவன் கேட்டால் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் டேங்க்கின் மூடியைத் திறந்து காட்டுங்கள்.

எந்த வகுப்பில், எந்த மாதத்தில் தொடங்கலாம்?

ஒன்பதாம் வகுப்பில், ஜூலையில். பத்தும் பிளஸ் டூவும் பொதுத்தேர்வு வருஷங்கள், அங்கே தொடங்கினால் எல்லோருக்கும் பதற்றம். முதல் சுற்றுக்கு ஒரே வகுப்பு, ஒரே சிக்கல், நான்கு குழுக்கள் போதும். சிக்கல் பள்ளியின் காம்பவுண்டுக்கு உள்ளேயோ அதை ஒட்டிய தெருவிலோ இருக்கட்டும், பிள்ளைகள் நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில்.